எல்.எச்., எச்.சி.ஜி. ஹார்மோன்களின் குறுக்கு வினையும் ஆய்வகக் கணிப்பும்: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கர்ப்பத்தை உறுதி செய்யவும், முத்துப்பிள்ளை எனப்படும் கருக்கோளாற்றையும் சிலவகைப் புற்றுநோய்களையும் தொடர்ந்து கண்காணிக்கவும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் அளக்கப்படுகிறது. பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் எல்.எச். என்னும் ஹார்மோன் இதனோடு அமைப்பில் பெரிதும் ஒத்தது. இவ்வொப்புமையால் ஒன்றை அளக்கும் சோதனையில் மற்றொன்று ஓரளவு பதிவாகிவிடுவதுண்டு. இது குறுக்கு வினை எனப்படும். இக்கட்டுரை அதன் மூலக்கூற்று அடிப்படை, அளவீட்டு முறைகளின் வரலாறு, இந்தியக் கருத்தடைத் தடுப்பூசி ஆய்வில் அது எழுப்பிய வினா, மருத்துவ முடிவுகளில் அதன் விளைவு ஆகியவற்றை விளக்குகிறது. சோதனை முறையின் பெயரும் நோயாளியின் உடல்நிலையும் அறியப்படாமல் எச்.சி.ஜி. எண்ணுக்கு முழுமையான பொருள் இல்லை என்பதைத் திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதியின் மருத்துவச் சூழலோடு பொருத்திக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: எச்.சி.ஜி., எல்.எச்., எதிர்ப்பொருள், குறுக்கு வினை, பீட்டா துணை அலகு, மாதவிடாய் நிறைவு, முத்துப்பிள்ளை, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழில் வளாகத்தால் அறியப்படும் ஊராகும். அதனை அடுத்துத் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட் வளாகம் உள்ளது. இத்தகைய தொழிற்பகுதியில் பெண்ணொருத்தி கர்ப்பமுற்றிருக்கிறாளா என்பது குடும்பச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடும் மகப்பேறு நலன் குறித்த சட்டமும் வழங்கும் உரிமைகள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்காகப் பன்னிரண்டு வாரத்திற்குள் செய்யப்படும் பதிவு, ஊடுகதிர்ப் படம் எடுப்பது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது, சில மருந்துகளைத் தொடங்குவது ஆகிய பலவும் ஒரு சோதனையின் விடையைச் சார்ந்துள்ளன.

அச்சோதனை அளப்பது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடை தெளிவாக வரும்போது எவ்விதச் சிக்கலும் எழுவதில்லை. மாதவிடாய் முறைதவறிய 47 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய இரத்தச் சீரத்தில் எச்.சி.ஜி. லிட்டருக்கு 8 பன்னாட்டு அலகு என்று அறிக்கை வருகிறது. கர்ப்பமற்ற பெண்ணுக்குரிய உச்சவரம்பாகப் பல ஆய்வகங்கள் கொள்வது 5 அலகு. எனவே அந்த 8 தொடக்கநிலைக் கர்ப்பமாக இருக்கலாம். கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். கருத்திசுவிலிருந்து எழும் கட்டியாக இருக்கலாம். இவற்றுள் எதுவுமாக இல்லாமல், வேறொரு ஹார்மோனின் நிழலாகவும் இருக்கலாம். இந்நான்கையும் பிரித்தறியும் முறையை விளங்கிக்கொள்ள, சோதனைக் குழாய்க்குள் நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும்.

(இக்கட்டுரையில் ‘லிட்டருக்குப் பன்னாட்டு அலகு’ என்பது ‘அலகு’ என்றே சுருக்கமாகக் குறிக்கப்படுகிறது. சிறுநீர்ப் பட்டைகளில் காணப்படும் ‘மில்லிலிட்டருக்கு மில்லி பன்னாட்டு அலகு’ என்பதும் இதே அளவினதே.)

1. இரு ஹார்மோன்களின் உறவு

எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., எச்.சி.ஜி. ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கிளைக்கோபுரத ஹார்மோன்கள். முதல் மூன்றும் பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றுபவை. நான்காவதாகிய எச்.சி.ஜி. கர்ப்பக் காலத்தில் நஞ்சுக்கொடியின் செல்களால் பேரளவில் சுரக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு துணை அலகுகள் இணைந்தது. ஆல்ஃபா துணை அலகு 92 அமினோ அமிலங்களைக் கொண்டது. அதன் அமினோ அமில வரிசை நான்கு ஹார்மோன்களுக்கும் பொதுவானது. ஒவ்வொரு ஹார்மோனுக்கும் தனி அடையாளத்தைத் தருவது பீட்டா துணை அலகே.

எல்.எச்.சின் பீட்டா 121 அமினோ அமிலங்களையும், எச்.சி.ஜி.யின் பீட்டா 145 அமினோ அமிலங்களையும் உடையன. இரண்டிற்கும் பொதுவான நீளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரே வரிசையே அமைந்துள்ளது. எச்.சி.ஜி.யின் வால்பகுதியில் நீண்டிருக்கும் அமினோ அமிலங்கள்தாம் எல்.எச்.சில் காணப்படாத பகுதி. இவ்வொப்புமை தற்செயலானதன்று. இரண்டின் பீட்டா மரபணுக்களும் 19ஆம் குரோமோசோமில் அருகருகே அமைந்துள்ளன, எல்.எச்.சின் மரபணு பரிணாமத்தில் இரட்டித்துப் பிரிந்ததனால் எச்.சி.ஜி.யின் மரபணுக்கள் உருவாயின. இரு ஹார்மோன்களும் உடலில் ஒரே ஏற்பியில் பொருந்திச் செயற்படுகின்றன. குழந்தைப்பேற்று மருத்துவத்தில் கருமுட்டையை வெளிப்படுத்த எல்.எச்.சுக்கு மாற்றாக எச்.சி.ஜி. ஊசி இடப்படுவது இதனாலேயே.

உடலின் ஏற்பியே வேறுபடுத்தாத இரண்டை ஆய்வகத்தின் எதிர்ப்பொருள் வேறுபடுத்த வேண்டியுள்ளது. அளவீட்டின் இடர்ப்பாடு இங்குத் தொடங்குகிறது.

2. எதிர்ப்பொருள் எதனை அடையாளங்காண்கிறது?

இன்றைய ஹார்மோன் சோதனைகளுள் பெரும்பாலானவை எதிர்ப்பொருளைக் கொண்டு இயங்குபவை. எதிர்ப்பொருள் ஒரு ஹார்மோனை முழுமையாக அறிவதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு சிறு பகுதியை மட்டுமே பற்றுகிறது. அப்பகுதி வேறொரு மூலக்கூற்றிலும் அமைந்திருப்பின் அதனையும் பற்றும். அவ்வாறு பற்றப்பட்ட அயல் மூலக்கூறு தரும் சைகையைக் கருவி தன் ஹார்மோனின் அளவாகவே கணக்கிடும். இதுவே குறுக்கு வினை.

இதனைக் குறைப்பதற்காக இரண்டு எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தும் ‘இடையடுக்கு’ முறை கையாளப்படுகிறது. ஒன்று ஹார்மோனைப் பற்றி நிறுத்துகிறது; ஒளியையோ நிறத்தையோ தரும் மற்றொன்று அதே மூலக்கூற்றின் வேறோர் இடத்தில் பொருந்துகிறது. இரண்டும் ஒரே மூலக்கூற்றில் சேர்ந்தாலன்றிச் சைகை எழாது. கர்ப்பச் சோதனைப் பட்டையில் தோன்றும் கோடும் இம்முறையில் எழுவதே. இரண்டில் ஒன்றேனும் எச்.சி.ஜி.யின் பீட்டாவில் மட்டும் உள்ள பகுதியை நாடுவதாக இருந்தால் எல்.எச். பெரும்பாலும் விலக்கப்படும். இரண்டுமே பொதுப்பகுதிகளை நாடுவனவாக இருந்தால் எல்.எச். உள்ளே நுழைந்துவிடும். எவ்வெதிர்ப்பொருள் இணை தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறுபடுவதால், ஒரே சீரம் இரு கருவிகளில் இரு எண்களைத் தருவது இயல்பே.

3. அளவீட்டு முறைகளின் வரலாறு

இரு ஹார்மோன்களும் ஒன்றாகக் கருதப்பட்ட குழப்பம் கர்ப்பச் சோதனையின் தோற்றத்திலேயே காணப்படுகிறது. 1920களின் இறுதியில் பெர்லினில் அஷ்ஹைம், சொண்டெக் ஆகிய இருவரும் கர்ப்பிணியின் சிறுநீரை இளம் பெண் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் அண்டகங்களில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டு கர்ப்பத்தைக் கண்டறிந்தனர். அம்மாற்றத்தை விளைவிக்கும் பொருள் பிட்யூட்டரியிலிருந்து வருவதாகவே தொடக்கத்தில் அவர்கள் எண்ணினர். அதன் பிறப்பிடம் நஞ்சுக்கொடி என்பது பின்னரே உறுதிப்பட்டது. விலங்கின் அண்டகம் எல்.எச்.சுக்கும் எச்.சி.ஜி.க்கும் ஒரே வகையில் மறுமொழி தருவதால், விலங்குச் சோதனையால் அவ்விரண்டையும் பிரிக்க இயலாது.

1960ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த வைட், கெம்செல் ஆகியோர் விலங்கின்றி எதிர்ப்பொருளையும் செம்மறியாட்டுச் சிவப்பணுக்களையும் கொண்டு சிறுநீரைச் சோதிக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். சோதனை எளிதாயிற்று, ஆனால் அதன் எதிர்ப்பொருள் எல்.எச்.சையும் பற்றியது. இயல்பான எல்.எச். அளவு நேர்விடையைத் தந்துவிடாதிருக்க, சோதனையின் உணர்திறனை வேண்டுமென்றே குறைத்து வைக்க நேர்ந்தது. மிகத் தொடக்கநிலைக் கர்ப்பங்கள் அச்சோதனையில் அகப்படாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணம். உணர்திறனும், ஒன்றை மட்டும் அறியும் தனித்தன்மையும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துபவை என்பதற்கு இது தக்க சான்று.

இதே காலத்தில் யாலோ, பெர்சன் ஆகியோர் இன்சுலினுக்காக வகுத்த கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீட்டு முறை பிற ஹார்மோன்களுக்கும் விரிந்தது. இதற்காக யாலோ 1977ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். முழு எச்.சி.ஜி.க்கு எதிராக உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள் இம்முறையிலும் எல்.எச்.சை விலக்கவில்லை. திருப்புமுனை 1972ஆம் ஆண்டில் நேர்ந்தது. வைட்டுகைடிஸ், பிரான்ஸ்டீன், ராஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், முழு ஹார்மோனுக்கு மாற்றாகப் பீட்டா துணை அலகை மட்டும் விலங்கிற்குச் செலுத்திப் பெற்ற எதிர்ப்பொருளைக் கொண்டு, எல்.எச். உடனிருக்கும்போதே எச்.சி.ஜி.யை அளந்து காட்டினர். இன்றும் மருத்துவச் சீட்டில் ‘பீட்டா எச்.சி.ஜி.’ என்று எழுதும் வழக்கம் இவ்வாய்விலிருந்து வந்ததே. 1975ஆம் ஆண்டில் கோலர், மில்ஸ்டீன் ஆகியோர் உருவாக்கிய ஒற்றைமூல எதிர்ப்பொருள் நுட்பம் இத்தேர்வை மேலும் கூர்மையாக்கியது.

‘பீட்டா’ என்னும் பெயர் ஒரு தவறான உறுதியையும் அளித்துவிட்டது. பீட்டாவிலும் பெரும்பகுதி எல்.எச்.சோடு பொதுவானது என்பதால், பீட்டாவை நாடும் எதிர்ப்பொருள் என்பதனாலேயே அது எல்.எச்.சை முற்றிலும் விலக்கிவிடும் என்று கொள்ளுதல் கூடாது.

4. இந்தியத் தடுப்பூசி ஆய்வில் எழுந்த அதே வினா

இவ்வேதியியல் ஒப்புமை ஆய்வகக் குழாயைக் கடந்து மனித உடலிலேயே சோதிக்கப்பட்ட களம் இந்தியாவில் அமைந்தது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றியவரும், தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் நிறுவன இயக்குநருமான ஜி.பி. தல்வார், எச்.சி.ஜி.க்கு எதிரான எதிர்ப்பொருளைப் பெண்ணின் உடலிலேயே தோற்றுவித்துக் கருத்தரிப்பைத் தடுக்கும் தடுப்பூசியை உருவாக்க முனைந்தார். அவருடைய குழு 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எச்.சி.ஜி.யின் பீட்டா துணை அலகு டெட்டனஸ் டாக்சாய்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. எல்.எச்.சோடு வினைபுரியும் பகுதிகளை நீக்கும் நோக்கில் அப்பீட்டா முன்னரே பதப்படுத்தப்பட்டிருந்தது.

ஆய்வகத்தில் குறுக்கு வினை ஓர் எண்ணைப் பிழையாக்கும். உடலிலோ, எச்.சி.ஜி.யைத் தடுக்க வந்த எதிர்ப்பொருள் எல்.எச்.சையும் முடக்கினால் கருமுட்டை வெளியேற்றமும் மாதவிடாய்ச் சுழற்சியும் குலையக்கூடும். இவ்வையத்தை இரு குழுக்கள் இரு வழிகளில் எதிர்கொண்டன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆதரவு பெற்ற குழு, எல்.எச்.சில் இல்லாத வால்பகுதியை, அதாவது 109 முதல் 145 வரையான அமினோ அமிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. தல்வார் குழு முழுப் பீட்டாவைத் தக்கவைத்து, வலிமை மிக்க எதிர்ப்பொருளைப் பெறுவதற்காகச் செம்மறியாட்டு எல்.எச்.சின் ஆல்ஃபாவோடு அதனை இணைத்தது. 1994ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வின்படி, தடுப்பூசி பெற்ற 148 பெண்களில் 119 பேர் தேவையான எதிர்ப்பொருள் அளவை எட்டினர். அவ்வளவு நிலவிய 1224 மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஒரு கர்ப்பமே ஏற்பட்டது. எதிர்ப்பொருள்கள் எல்.எச்.சோடு ஓரளவு வினைபுரிந்தபோதும் கருமுட்டை வெளியேற்றம் தொடர்ந்ததாக அக்குழு பதிவு செய்தது.

தனித்தன்மை வேண்டுமாயின் சிறு பகுதியை நாட வேண்டும். வலிமை வேண்டுமாயின் பெரிய பகுதியை நாட வேண்டும். தடுப்பூசி ஆய்வாளர்கள் எதிர்கொண்ட இத்தேர்வையே சோதனைப் பெட்டகங்களை உருவாக்குவோரும் எதிர்கொள்கின்றனர்.

5. விழுக்காடும் செறிவும்

சோதனைப் பெட்டகத்தின் விளக்கத் தாளில் குறுக்கு வினை பெரும்பாலும் விழுக்காடாகத் தரப்படும். சிறிய விழுக்காட்டைக் கண்டு அமைதியடைதல் போதாது. குறுக்கிடும் ஹார்மோன் எவ்வளவு செறிவில் உள்ளது என்பதையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். பின்வருவன விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட எண்கள்.

முதல் நிலை: ஓர் எச்.சி.ஜி. சோதனையில் எல்.எச்.சின் குறுக்கு வினை 2 விழுக்காடு என்க. மாதவிடாய் நிறைவுற்ற பெண்ணின் எல்.எச். 80 அலகு எனில், எச்.சி.ஜி. கணக்கில் 1.6 அலகு கூடும். 5 அலகு என்னும் வரம்பை அது தாண்டாது. குறுக்கு வினை 10 விழுக்காடாக இருந்தால் அதே பெண்ணுக்கு 8 அலகு பதிவாகும். முன்னுரையில் கண்ட பெண்ணின் அறிக்கை இவ்வாறு தோன்றியதாகலாம்.

இரண்டாம் நிலை: ஓர் எல்.எச். சோதனையில் எச்.சி.ஜி.யின் குறுக்கு வினை 0.5 விழுக்காடு மட்டுமே என்க. கர்ப்பத்தின் எட்டு முதல் பத்து வாரங்களில் எச்.சி.ஜி. ஒரு லட்சம் அலகையும் எட்டக்கூடும். அதில் அரை விழுக்காடு 500 அலகு. கர்ப்பமற்ற பெண்ணின் எல்.எச். கருமுட்டை வெளியேறும் நாளின் உச்சத்தில்கூட இவ்வளவு உயர்வதில்லை.

இரண்டாம் சோதனையின் விழுக்காடு முதற்சோதனையினுடையதைவிடச் சிறிது. ஆயினும் அதன் பிழை பன்மடங்கு பெரிது. எச்.சி.ஜி. பல்லாயிரம் மடங்கு மாறும் ஹார்மோன், எல்.எச். அவ்வாறு மாறுவதில்லை. எனவே குறுக்கு வினை இரு திசைகளிலும் சமமான விளைவைத் தருவதில்லை. இவ்விழுக்காடு எடையின் அடிப்படையிலானதா, பன்னாட்டு அலகின் அடிப்படையிலானதா என்பதையும் விளக்கத் தாளில் நோக்குதல் வேண்டும். இரு ஹார்மோன்களின் அலகுகளும் வெவ்வேறு தரப்பொருள்களைக் கொண்டு வரையறுக்கப்பட்டவை. ஒன்றின் ஓர் அலகு மற்றொன்றின் ஓர் அலகுக்கு நிகரான எடையன்று.

6. மருத்துவ முடிவுகள் மாறும் இடங்கள்

6.1 மாதவிடாய் நிறைவை நெருங்கும் பெண்

அண்டகத்தின் செயற்பாடு குறையும்போது பிட்யூட்டரியின் மீதான கட்டுப்பாடு தளர்ந்து எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் உயர்கின்றன. இந்நிலையில் எச்.சி.ஜி. சற்று உயர்ந்து பதிவாவதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, மேற்கூறிய குறுக்கு வினை. மற்றொன்று, பிட்யூட்டரியே சிறிதளவு உண்மையான எச்.சி.ஜி.யைச் சுரப்பது. பின்னது சோதனையின் பிழையன்று, உடலின் இயல்பு. தனித்தன்மை மிக்க இன்றைய கருவிகளில் காணப்படும் சிறு உயர்வுகளுக்கு இவ்விரண்டாவது காரணமே பெரும்பாலும் பொருந்தும். 55 வயதைக் கடந்த பெண்களுக்கு 14 அலகு வரையிலான எச்.சி.ஜி.யை இயல்பெனக் கொள்ளலாம் என்னும் பரிந்துரை இதன் அடிப்படையில் எழுந்ததே.

இரு காரணங்களுக்கும் விடை காணும் வழி ஒன்றே. அதே சீரத்தில் எஃப்.எஸ்.எச்.சை அளத்தல் வேண்டும். கர்ப்பத்தில் எஃப்.எஸ்.எச். ஒடுங்கிவிடும். 41 முதல் 55 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு எச்.சி.ஜி. சிறிதே உயர்ந்து, எஃப்.எஸ்.எச். 45 அலகுக்கு மேல் இருக்குமாயின், எச்.சி.ஜி. நஞ்சுக்கொடியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. எல்.எச்.சை மீண்டும் மீண்டும் அளப்பதைவிட இச்சோதனை தெளிவான விடை தரும். பிட்யூட்டரியை ஒடுக்கும் ஹார்மோன் மாத்திரையை இரண்டு வாரம் தந்தபின் எச்.சி.ஜி. எண் தாழ்ந்தால், அது பிட்யூட்டரியைச் சார்ந்தது என்பது மேலும் உறுதிப்படும்.

6.2 முத்துப்பிள்ளையும் கருத்திசுப் புற்றுநோயும்

கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்துப்போல் வீங்கி வளரும் நிலையைத் தமிழ் வழக்கு முத்துப்பிள்ளை என்கிறது. அது அகற்றப்பட்டபின் எச்.சி.ஜி. முறையாகத் தாழ்கிறதா என்று தொடர்ந்து அளக்கப்படும். மூன்று வார இடைவெளியில் எடுத்த நான்கு அளவுகளில் எண் தாழாமல் ஒரே நிலையில் நிற்பது, புற்றுநோய் மருந்து தொடங்குவதற்குப் பன்னாட்டு மகப்பேற்றியல் கூட்டமைப்பு வகுத்த அளவுகோல்களுள் ஒன்று. இங்கு ஓர் எண்ணின் அசைவே சிகிச்சையை முடிவு செய்கிறது.

இச்சிகிச்சையின் மருந்துகள் சிலருக்கு அண்டகத்தின் செயற்பாட்டைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். அதனால் எல்.எச். உயரும். குறுக்கு வினையுள்ள சோதனையில் எச்.சி.ஜி. முற்றிலும் மறையாமல் ஒரு தாழ்ந்த எண்ணில் தேங்கி நிற்கும். நோய் எஞ்சியுள்ளதெனக் கருதி மருந்து மேலும் தரப்பட்டால் அண்டகம் மேலும் ஒடுங்கும், எல்.எச். மேலும் உயரும். சிகிச்சையே தன் தேவையைத் தானே மெய்ப்பிப்பது போன்ற சுழல் இது. இக்காலத்தில் தரப்படும் கருத்தடை மாத்திரை கருத்தரிப்பைத் தடுப்பதோடு எல்.எச்.சையும் ஒடுக்கி இக்குழப்பத்தைக் குறைக்கிறது.

6.3 விதைப்பைப் புற்றுநோய்

சிலவகை விதைப்பைப் புற்றுநோய்களிலும் எச்.சி.ஜி. ஒரு குறிகாட்டி. அறுவைக்கும் மருந்துக்கும் பின்னர் டெஸ்டோஸ்டிரோன் குறையும் ஆண்களிடம் எல்.எச். உயர்ந்து, எச்.சி.ஜி. மீண்டும் எழுவதுபோல் தோன்றக்கூடும். டெஸ்டோஸ்டிரோன் தந்தபின் அவ்வெண் தாழுமாயின் நோய் திரும்பவில்லை என்பது புலனாகும்.

6.4 கர்ப்பமறியாது செய்யப்படும் எல்.எச். சோதனை

மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அண்டக நீர்க்கட்டி நோய்க்கூட்டு உள்ளதா என்றறிய எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அளக்கப்படுவதுண்டு. அவர் கர்ப்பமுற்றிருப்பின், பழைய முறைகளிலும் சில பட்டைச் சோதனைகளிலும் எச்.சி.ஜி. எல்.எச்.சாகப் பதிவாகலாம். எஃப்.எஸ்.எச். உண்மையாகவே ஒடுங்கியிருக்கும். விளைவாக எல்.எச். விகிதம் பொய்யாக உயர்ந்து, கர்ப்பம் நோயாகத் தோற்றமளிக்கும். கருமுட்டை வெளியேறும் நாளைக் காட்டும் வீட்டுப் பட்டை கர்ப்பத்திலும் கோடு காட்டுவது இதன் எளிய வடிவம்.

7. குறுக்கு வினையோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை

வியப்பூட்டும் எண் ஒவ்வொன்றும் குறுக்கு வினையால் வந்ததன்று. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். தாழ்வது சோதனைப் பிழையன்று, எச்.சி.ஜி. தைராய்டை நேரடியாகத் தூண்டுவதால் விளையும் உண்மையான மாற்றம். ஒரு ஹார்மோன் மற்றொன்றின் சுரப்பை மாற்றுவதும், அதன் அளவீட்டை மாற்றுவதும் வெவ்வேறு நிகழ்வுகள்.

சிலருடைய இரத்தத்தில் சோதனையின் இரு எதிர்ப்பொருள்களையும் தாமே இணைத்துவிடும் அயல் எதிர்ப்பொருள்கள் இருப்பதுண்டு. இவை எச்.சி.ஜி. சிறிதும் இல்லாதபோதே எண்ணைத் தோற்றுவிக்கும். 2000ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய பொய்யான எண்களால் புற்றுநோய் எனக் கருதப்பட்டுத் தேவையற்ற சிகிச்சைக்கு உட்பட்ட 12 பெண்களைப் பற்றிப் பேசியது. இவ்வெதிர்ப்பொருள்கள் பொதுவாகச் சிறுநீருக்குள் செல்வதில்லை. ஆகவே சீரத்தில் போதிய அளவு நேர்விடையும் சிறுநீரில் எதிர்விடையும் வருவது இதற்குரிய குறியாகும். எல்.எச்.சோ சிறுநீரிலும் வெளிப்படும். ஆதலால் சிறுநீர்ச் சோதனை ஒன்றைக் கொண்டு குறுக்கு வினையை விலக்கிவிட முடியாது.

எதிர்ப்பொருள் காணத் தவறும் நிலையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் நலமுடன் வாழ்ந்த பெண் ஒருவரின் எல்.எச்.சை ஒரு சோதனை சிறிதும் காணாததைப் பதிவு செய்தனர். அவருடைய எல்.எச். பீட்டாவின் 8, 15ஆம் இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருந்தமையே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அயலானைத் தன்னதாகக் காண்பதும், தன்னதைக் காணத் தவறுவதும் எதிர்ப்பொருளின் ஒரே இயல்பின் இரு பக்கங்களே.

8. திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிச் சூழலில்

இம்மாவட்டப் பெண்ணொருவரின் எச்.சி.ஜி. சோதனை ஒரே இடத்தில் தொடங்கி முடிவதில்லை. முதற்சோதனை வீட்டிலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ ஒரு சிறுநீர்ப் பட்டையில் நிகழ்கிறது. ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனைக்கோ, 2022ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ செல்லலாம். தனியார் சேகரிப்பு மையத்தில் இரத்தம் கொடுத்தால், மாதிரி சென்னையிலுள்ள மைய ஆய்வகத்திற்குச் செல்லக்கூடும். முத்துப்பிள்ளை என உறுதியானால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ அனுப்பப்படலாம். இவ்வாறு ஒருவரின் கோப்பில் மூன்று நான்கு முறைகளால் அளக்கப்பட்ட எண்கள் அடுத்தடுத்து இடம்பெற வாய்ப்புண்டு. ஷிப்டு மாறும்போது வசதிப்பட்ட மையத்தில் இரத்தம் கொடுக்க வேண்டிய தொழிலாளிக்கு இவ்வாய்ப்பு இன்னும் மிகுதி. முறை மாறியதால் எழுந்த வேறுபாடு நோயின் ஏற்றமாகவோ தாழ்வாகவோ வாசிக்கப்படும் இடர் இங்கே உள்ளது.

இதனைத் தவிர்க்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சோதனைக் கோரிக்கைச் சீட்டில் வயது, கடைசி மாதவிடாய் நாள், உட்கொள்ளும் ஹார்மோன் மருந்துகள் ஆகியவை எழுதப்பட வேண்டும். அறிக்கையில் எண்ணோடு சோதனை முறையின் பெயரும் இடம்பெற வேண்டும். தேவைப்படும் இடங்களில் முறையைக் குறிக்குமாறு மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநெறியும் கூறுகிறது. தொடர் கண்காணிப்பு ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் நடைபெற வேண்டும். ஆய்வகம் மாற நேரின், ஒரு மாதிரியையேனும் இரு முறைகளிலும் அளந்து ஒப்பிட வேண்டும். நோயாளியின் நிலையோடு பொருந்தாத எண் வரும்போது எஃப்.எஸ்.எச். அளவீடு, வேறு எதிர்ப்பொருள் இணை கொண்ட முறையில் மறுசோதனை, சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து எண் சீராகக் குறைகிறதா என்று காணுதல் ஆகியவற்றை அடுத்தடுத்துச் செய்யலாம். இம்மறுசோதனைகளுக்காக எஞ்சிய சீரத்தைச் சில நாள்களேனும் குளிர்நிலையில் காத்தல் நன்று.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை நடத்தும் புறத் தர மதிப்பீட்டுத் திட்டம் போன்றவை, ஓர் ஆய்வகம் அதே முறையைக் கையாளும் பிற ஆய்வகங்களோடு ஒத்துள்ளதா என்பதைக் காட்டுகின்றன. அவை இன்றியமையாதவை. ஆனால் ஒரு முறைக்கே உரிய குறுக்கு வினை அம்முறையைக் கையாளும் ஆய்வகங்கள் அனைத்திலும் ஒரே அளவில் அமைவதால், இவ்வொப்பீட்டில் அது வெளிப்படாமற் போகலாம். தரமதிப்பீட்டில் தேறிய ஆய்வகத்தின் எண்ணையும் மருத்துவர் வினவ வேண்டிய தேவை இதனால் எழுகிறது.

முடிவுரை

எல்.எச்.சும் எச்.சி.ஜி.யும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து கிளைத்தவை. ஒரே ஏற்பியில் செயற்படுபவை. 1920களின் விலங்குச் சோதனை முதல் இன்றைய தானியங்கிக் கருவி வரை அளவீட்டின் வரலாறு, இவ்விரண்டையும் பிரித்தறிய மேற்கொண்ட முயற்சியின் வரலாறாகவே அமைந்துள்ளது. பிரிவினை பெரிதும் செம்மையடைந்துள்ளது. எனினும் எதிர்ப்பொருளைச் சார்ந்த எம்முறையும் அதன் எல்லையைக் கடந்ததன்று. குறுக்கு வினையின் விளைவை முடிவு செய்வது விழுக்காடு மட்டுமன்று. எதிரிலிருக்கும் ஹார்மோனின் செறிவும் ஆகும். அச்செறிவை அறிய உதவுபவை நோயாளியின் வயதும் மாதவிடாய் நிலையும் மருந்து வரலாறுமே.

47 வயதுப் பெண்ணின் அறிக்கையிலுள்ள 8 என்னும் எண் மட்டும் அவரைக் கர்ப்பிணி என்றோ நோயாளி என்றோ கூறிவிடவில்லை. அதே குழாயில் எஞ்சியுள்ள சீரத்தில் எஃப்.எஸ்.எச்.சை அளந்தால் ஐயத்தின் பெரும்பகுதி நீங்கும். அவ்வளவீடு நிகழும்வரை அறுவையோ, செல்களை அழிக்கும் மருந்தோ, கர்ப்பப் பதிவோ, வேலையிலிருந்து விலக்கமோ அவ்வெண்ணைக் கொண்டு மட்டும் தொடங்குதல் தகாது.